'சார்ஜ்': ஒரு சொல், பல பொருள், ஒரே வேர்

போட்டித் தேர்வுக்காக ஆங்கிலம் படிக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "சார்ஜ் என்ற சொல்லுக்குக் கட்டணம், குற்றச்சாட்டு, தாக்குதல், பொறுப்பு, மின்னூட்டம் என ஒன்றோடொன்று ஒட்டாத பொருள்களை அகராதி அடுக்குகிறது. ஒத்தசொல் பட்டியலிலோ ஃபீ, அக்யூஸ், அட்டாக், லோட், டியூட்டி எல்லாம் அருகருகே நிற்கின்றன. இவற்றை எப்படி நினைவில் வைப்பது? எங்கே எதைப் போடுவது?"

பட்டியலை மனப்பாடம் செய்வதை முதலில் கைவிட வேண்டும் என்பதே என் பதில். இந்தப் பொருள்கள் ஒட்டாதவை போலத் தோன்றுவது அகராதி அவற்றை எண்ணிட்டுப் பிரித்து வைத்திருப்பதால்தான். வேரிலிருந்து பார்த்தால் அனைத்தும் ஒரே செயலில் போய்ச் சேரும். அந்தச் செயல் பாரம் ஏற்றுவது.

பழங்காலத்தில் இன்றைய பிரான்சுப் பகுதியில் வாழ்ந்த 'கால்' எனப்பட்ட இனத்தாரின் மொழியிலிருந்து, வண்டியைக் குறிக்கும் ஒரு சொல்லை உரோமானியர் கடன் வாங்கி 'கார்ரஸ்' என்று வழங்கினர். அதிலிருந்து பிற்கால இலத்தீனில் 'கார்ரிகாரே' என்ற வினை பிறந்தது. வண்டியில் பாரம் ஏற்றுதல் என்பது அதன் பொருள். அது பழைய பிரெஞ்சில் 'சார்ஜியே' ஆகி, நார்மன் ஆட்சிக்குப் பிந்தைய இங்கிலாந்துக்குள் நுழைந்து 'சார்ஜ்' ஆயிற்று. இதே குடும்பத்தில் நாம் நாள்தோறும் சொல்லும் கார் உண்டு, கப்பல் சரக்கைக் குறிக்கும் கார்கோ உண்டு, சுமத்தலைக் குறிக்கும் கேரி உண்டு. முகத்தின் ஒரு கூற்றை அளவுக்கு மீறி ஏற்றிக் காட்டும் கேலிச்சித்திரமாகிய 'கேரிகேச்சர்' கூட, ஏற்றுதல் என்ற அதே வினையிலிருந்து இத்தாலிய மொழி வழியாக வந்ததுதான்.

வண்டியின் மீது பாரம் ஏற்றினால் அது சரக்கு. மனிதன் மீது கடமையை ஏற்றினால் பொறுப்பு, பழியை ஏற்றினால் குற்றச்சாட்டு, வாங்குபவன் மீது தொகையை ஏற்றினால் கட்டணம். துப்பாக்கியில் மருந்தை ஏற்றினாலும் மின்கலத்தில் மின்சாரத்தை ஏற்றினாலும் அதே சொல்தான். எதன் மீது எது ஏற்றப்படுகிறது என்ற ஒரே கேள்வியைக் கேட்டுப் பழகியவருக்கு, அகராதியின் இருபது முப்பது எண்களும் தாமாகவே ஒன்றுகூடி வரும்.

தமிழருக்கு இது அயலான எண்ணமும் அன்று. பழியைச் 'சுமத்துகிறோம்', குற்றத்தைச் 'சுமத்துகிறோம்', வேலையை ஒருவர் தலையில் 'சுமத்துகிறோம்', மக்கள் மீது வரியைச் 'சுமத்துகிறார்கள்'. ஐரோப்பிய வண்டிக்கும் நமக்கும் தொடர்பில்லாமலேயே நம் மொழியும் அதே வழியில் நடந்திருக்கிறது. 'பொறுப்பு' என்ற சொல்லின் அடியான 'பொறு' என்பதற்கும் சுமத்தல், தாங்குதல் என்பதே பழைய பொருள். "அறத்தாறு இதுவென வேண்டா சிவிகை பொறுத்தானோடு ஊர்ந்தான் இடை" என்ற குறளில் 'பொறுத்தான்' என்பவர் மன்னித்தவர் அல்லர். பல்லக்கைத் தோளில் சுமந்தவர். பல்லக்குச் சுமந்த சொல் இன்று அலுவலகத்தில் பொறுப்பைச் சுமக்கிறது. இந்த நகர்வைத் தன் மொழியிலேயே உணர்ந்த மாணவருக்குச் 'சார்ஜ்' கடினமாகவே இருக்கக் கூடாது.

பொறுப்பு என்ற பொருளை முதலில் எடுத்துக்கொள்ளலாம். அரசு அலுவலகங்களில் மாறுதலில் செல்பவர் "சார்ஜ் கொடுத்துவிட்டேன்" என்பார். வருபவர் "சார்ஜ் எடுத்துக்கொண்டேன்" என்பார். ஒருவர் தம் பணியோடு இன்னொரு பணியிடத்தையும் கவனித்தால் அது கூடுதல் பொறுப்பு. இவை நல்ல ஆங்கிலத்திலிருந்து நேராக வந்தவை. ஆனால் "அவர்தான் இன்சார்ஜ்" என்று அதையே பெயர்ச்சொல்லாக்கிப் பதவிப் பெயர் போலச் சொல்வது இந்திய வழக்கு. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 'பொறுப்பில் இருப்பவர்' என்ற அமைப்பில் 'பெர்சன் இன் சார்ஜ்' என்றுதான் எழுதுவார்கள். தேர்வில் அடிக்கடி சறுக்கவைக்கும் இன்னொரு நுட்பமும் இங்கே உண்டு. 'இன் சார்ஜ் ஆஃப்' என்றால் அந்த ஆள் பொறுப்பாளர். நடுவில் 'த' சேர்ந்து 'இன் த சார்ஜ் ஆஃப்' என்றானால், அவரே மற்றவர் பொறுப்பில் விடப்பட்டவர். செவிலி குழந்தைக்கு 'இன் சார்ஜ் ஆஃப்', குழந்தை செவிலியின் பொறுப்பில் 'இன் த சார்ஜ் ஆஃப்'. ஓர் இடைச்சொல் காப்பவரையும் காக்கப்படுபவரையும் இடம் மாற்றிவிடுகிறது. பராமரிப்பில் விடப்பட்ட குழந்தையையே 'சார்ஜ்' என்று குறிக்கும் வழக்கும் ஆங்கில எழுத்தில் உண்டு. அங்கே அது கட்டணமோ குற்றமோ அன்று, ஒப்படைக்கப்பட்ட உயிர்.

இந்தப் பொருளுக்கு ஒத்தசொல்லாக டியூட்டி, ரெஸ்பான்சிபிலிட்டி, கேர், கஸ்டடி ஆகியவற்றைப் பட்டியல்கள் தருகின்றன. டியூட்டி என்பது செய்தே தீர வேண்டிய கடமை. யாரும் ஒப்படைக்காவிட்டாலும் அது இருக்கும். சார்ஜ் என்பதிலோ ஒப்படைத்தவர் ஒருவர் பின்னால் நிற்கிறார். கேர் என்பதில் அக்கறை முன்னிற்கும். கஸ்டடி என்பதில் சட்டத்தின் பிடி முன்னிற்கும். மணமுறிவு வழக்கில் குழந்தையின் கஸ்டடி யாருக்கு என்பதே கேள்வி. அங்கே சார்ஜ் என்று எழுதினால் பொருந்தாது.

குற்றச்சாட்டு என்ற பொருளில் நான் சற்று நின்று பேச விரும்புகிறேன். இங்கே சொல் பிசகினால் ஒரு மனிதரின் மானம் பிசகும். அக்யூஸ் என்ற வினையை யாரும் யார் மீதும் ஆளலாம். பக்கத்து வீட்டுக்காரர் கோழியைத் திருடினார் என்று திண்ணையில் உட்கார்ந்து சொன்னாலும் அது அக்யூஸ்தான். சார்ஜ் என்பதற்கு அதிகாரம் வேண்டும். காவல்துறையோ நீதிமன்றமோ துறைத் தலைமையோ முறைப்படி எழுத்தில் சுமத்த வேண்டும். இன்டைட் என்பது அதனினும் குறுகியது. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் பெருங்குற்றங்களுக்குக் கிராண்ட் ஜூரி என்னும் குடிமக்கள் குழு கூடி ஆய்ந்து முன்வைக்கும் முறைசார்ந்த குற்றச்சாட்டு அது. அலெஜ் என்றால் மெய்ப்பிக்கப்படாத ஒன்றைக் கூறுதல். பிளேம் என்றால் நடந்துவிட்ட தீங்குக்கு ஒருவரைக் காரணமாக்குதல். இம்பீச் என்பதைப் பலர் பதவிநீக்கம் என்றே நினைக்கிறார்கள். அமெரிக்காவில் அது பிரதிநிதிகள் சபை குற்றஞ்சாட்டுவது மட்டுமே. விசாரித்து முடிவு செய்வது செனட் சபை. 1868 இல் ஆண்ட்ரூ ஜான்சனும் 1998 இல் பில் கிளின்டனும் இம்பீச் செய்யப்பட்டார்கள். இருவருமே பதவியில் நீடித்தார்கள்.

இவற்றோடு வரும் முன்னிடைச் சொற்களும் வேறு வேறு. அக்யூஸ் என்பதோடு 'ஆஃப்' வரும், சார்ஜ் என்பதோடு 'வித்' வரும், பிளேம் என்பதோடு 'ஃபார்' வரும். 'சார்ஜ்ட் ஆஃப் மர்டர்' என்று எழுதினால் தேர்வாளர் பிழை போடுவார், அது சரியும்கூட. ஏற்றப்பட்ட வண்டியை நினைத்தால் 'வித்' ஏன் என்பது விளங்கும்: வைக்கோலோடு ஏற்றப்பட்ட வண்டி போலக் கொலைப்பழியோடு ஏற்றப்பட்ட மனிதன்.

இந்தியக் குற்றவியல் நடைமுறையில் 'சார்ஜ் ஷீட்' என்பதும் 'சார்ஜ்' என்பதும் ஒன்றல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். காவல்துறை புலன்விசாரணையை முடித்து நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் அறிக்கையே சார்ஜ் ஷீட், அதாவது குற்றப்பத்திரிகை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அதற்குரியது 193 ஆம் பிரிவு. முந்தைய சட்டத்தில் 173. அந்த அறிக்கையைப் படித்து, இன்னின்ன குற்றத்துக்காக இவரை விசாரிக்க முகாந்திரம் உண்டு என்று நீதிபதி எழுதிப் பதிவு செய்வதே சார்ஜ். நீதிமன்றத் தமிழில் இதைக் குற்றச்சாட்டு வனைதல் என்பார்கள். முதலாவது போலீசாரின் கருத்து, இரண்டாவது நீதிமன்றத்தின் செயல். இரண்டுக்கும் பிறகும்கூட அந்த மனிதர் குற்றம் சாட்டப்பட்டவர்தானே ஒழிய குற்றவாளி அல்லர். தீர்ப்புக்கு முன்பே 'குற்றவாளி கைது' என்று தலைப்பிடும் வழக்கம் செய்தித் தமிழில் இன்றும் தொடர்வது எனக்கு வருத்தம் தருகிறது. ஆங்கிலச் செய்தியில் 'சார்ஜ்ட்' என்று கவனத்தோடு எழுதப்பட்டது தமிழுக்கு வரும்போது தண்டனை பெற்றவராக மாறிவிடக் கூடாது.

துறை நடவடிக்கைகளிலும் இச்சொல் உண்டு. தமிழ்நாட்டு அரசு ஊழியர்களிடையே '17 பி சார்ஜ்' என்றால் அனைவருக்கும் தெரியும். ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளில் 17 (ஆ) பிரிவின்கீழ்ப் பெருந்தண்டனைக்குரிய குற்றச்சாட்டுக் குறிப்பாணை அது. சொத்துச் சட்டத்தில் இதே சொல் பிறிதொரு முகம் காட்டும். 1882 ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 100 ஆம் பிரிவில் சார்ஜ் என்பது, அடமானமாக ஆகாமலேயே ஒரு சொத்தின் மீது கடனுக்கு ஈடாக ஏற்றி வைக்கப்பட்ட பொறுப்பு. இங்கே பாரம் சுமப்பது மனிதன் அல்ல, நிலம்.

பணத்துக்கு வருவோம். நம் பேச்சில் 'பஸ் சார்ஜ்' உயர்ந்துவிட்டது என்கிறோம். ஆங்கிலத்தில் பயணிகள் கொடுக்கும் கட்டணத்துக்கு உரிய சொல் ஃபேர். செல்லுதல், பயணம் செய்தல் என்ற பழைய ஆங்கில வினையிலிருந்து பிறந்தது. ஆளுக்கு ஃபேர் என்றால் சரக்குக்கு ஃபிரெய்ட். பொருளுக்குக் கொடுப்பது பிரைஸ், அதைச் செய்யவோ வாங்கவோ நமக்கு ஆகும் செலவு காஸ்ட். மருத்துவர், வழக்கறிஞர், பள்ளி போன்றவற்றுக்குக் கொடுப்பது ஃபீ. நாமும் 'பீஸ்' என்று அதைச் சரியாகவே பிரித்து வைத்திருக்கிறோம், 'ஸ்கூல் சார்ஜ்' என்று யாரும் சொல்வதில்லை. சாலையையோ பாலத்தையோ கடப்பதற்குச் சுங்கச்சாவடியில் கொடுப்பது டோல். ஓர் அலகுக்கு இவ்வளவு என்று வகுத்தது ரேட். அப்படியானால் சார்ஜ் எங்கே வரும்? ஒரு சேவைக்காக, பெரும்பாலும் முதன்மைத் தொகைக்கு மேலாக, நம் கணக்கில் ஏற்றப்படும் தொகைக்கு வரும். வங்கியின் சேவைக் கட்டணம், பொருளை வீட்டுக்குக் கொண்டுவந்து தருவதற்கான கட்டணம், மின்கட்டணச் சீட்டில் காணும் நிலையான கட்டணம் ஆகியவை சார்ஜ். பிரைஸ் பொருளோடு ஒட்டியிருக்கிறது. சார்ஜ் நம் தலையில் ஏற்றப்படுகிறது. வேரின் சாயல் இங்கேயும் மறையவில்லை.

வினையாக வரும்போது யாரிடம் வாங்கப்படுகிறது என்பது செயப்படுபொருளாகிவிடும். கடைக்காரர் என்னைச் சார்ஜ் செய்கிறார், பொருளை அல்ல. எதற்காக என்பதைச் சொல்ல 'ஃபார்' வேண்டும். எந்தக் கணக்கில் என்பதைச் சொல்ல 'டு' வேண்டும். 'சார்ஜ் இட் டு மை அக்கவுன்ட்' என்பதற்கு மளிகைக் கடைத் தமிழில் நேர்ச்சொல்லே இருக்கிறது: "என் கணக்கில் பற்று எழுதிக்கொள்ளுங்கள்."

தாக்குதலுக்கு எப்படி வந்தது என்பதுதான் பலருக்குப் புதிர். துப்பாக்கியிலும் பீரங்கியிலும் மருந்தைக் கெட்டிப்பது சார்ஜ் எனப்பட்டது. கெட்டிக்கப்பட்ட மருந்தின் அளவும் சார்ஜ் எனப்பட்டது. ஆயுதத்தைத் தயாராக்குவதிலிருந்து அதனோடு பகைவர் மீது முழுப் பாரத்தையும் செலுத்திப் பாய்வது என்ற பொருள் 16 ஆம் நூற்றாண்டில் வளர்ந்திருக்கலாம் என்பது அறிஞர் கருத்து. 1854 அக்டோபர் 25 அன்று கிரிமியப் போரில் பாலக்லாவா சமவெளியில் ஏறத்தாழ 670 பிரிட்டானியக் குதிரைவீரர்கள், தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட ஓர் ஆணையால் ரஷ்யப் பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்தார்கள். அந்தப் பாய்ச்சலோடு இந்தப் பொருள் ஆங்கிலத்தில் என்றைக்குமாக ஒட்டிக்கொண்டது. போர்க்குதிரைக்குச் 'சார்ஜர்' என்றும் பெயர். இறைச்சியை ஏற்றிவைக்கும் பெருந்தட்டும் பழைய ஆங்கிலத்தில் சார்ஜர்தான். 1611 இன் ஆங்கில விவிலியத்தில் யோவான் ஸ்நானனின் தலை சார்ஜரில் கேட்கப்படுகிறது. தமிழ் மொழிபெயர்ப்பு அதைத் 'தாலம்' என்று அழகாகச் சொல்லியிருக்கிறது.

அட்டாக் என்பது எவ்வகைத் தாக்குதலுக்கும் பொதுவான சொல். ரெய்டு என்றால் திடீரென நுழைந்து அடித்துவிட்டுத் திரும்புவது, ஆம்புஷ் என்றால் பதுங்கியிருந்து தாக்குவது, ஸ்டார்ம் என்றால் கோட்டையையோ கட்டடத்தையோ மோதிப் பிடிப்பது. சார்ஜ் என்பதில் ஓட்டம் வேண்டும், நேர்கோடு வேண்டும், முழு உடலின் கனமும் வேண்டும். காட்டு யானை காதை விரித்துக்கொண்டு சில அடிகள் ஓடிவந்து நின்றுவிடுவதை 'மாக் சார்ஜ்' என்பார்கள். அது தாக்குதல் அன்று, எச்சரிக்கை. காவலர்கள் கூட்டத்தைத் தடியால் அடித்துக் கலைக்கும் 'லத்தி சார்ஜ்' இந்திய ஆங்கிலம் உருவாக்கிய தொடர். அதற்குத் 'தடியடி' என்று தமிழ் இட்ட பெயர், மூலத்தைவிட நேர்மையானது. பாய்ந்ததை மட்டும் சொல்லி நிறுத்தாமல் அடித்ததையும் சொல்கிறது.

மின்சாரத்துக்கு இச்சொல் வந்ததும் துப்பாக்கி வழியாகத்தான் என்று கருத இடமிருக்கிறது. 1740களின் நடுவில் லைடன் சாடி என்ற, மின்னைச் சேமிக்கும் கண்ணாடிக் கலம் கண்டுபிடிக்கப்பட்டது. அதை ஆராய்ந்த பெஞ்சமின் பிராங்க்ளின் தம் கடிதங்களில் ஏற்றுவதைச் சார்ஜ் என்றும், வெளியேற்றுவதை டிஸ்சார்ஜ் என்றும் எழுதினார். பல சாடிகளை ஒன்றாக இணைத்ததை, பீரங்கி வரிசையைக் குறிக்கும் 'பேட்டரி' என்ற படைச்சொல்லாலேயே அழைத்தார். இன்று கைப்பேசியில் 5,000 மில்லிஆம்பியர் மணி என்று அச்சிட்டிருப்பது மின்னூட்டத்தின் அளவேதான். மின்னூட்டத்தின் அலகான 'கூலூம்' கணக்கில் அது 18,000 வரும். ஆனால் பேட்டரியை முழுமையாகப் பார்த்தால் அதில் கூடுதல் மின்னூட்டம் ஏதும் தேங்குவதில்லை. ஒரு முனையிலிருந்து புறப்படும் அளவு மறுமுனைக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. ஏற்றப்படுவது வேதியியல் வடிவிலான ஆற்றல். இலங்கைப் பாடநூல்கள் இதை மின்னேற்றம் என்கின்றன, தமிழ்நாட்டில் மின்னூட்டம் என்கிறோம். வேரோடு ஒட்டி நிற்பது இலங்கை வழக்கே. நம் வீட்டுப் பேச்சும் அதன் பக்கம்தான்: "சார்ஜ் ஏறவில்லை", "சார்ஜ் இறங்கிவிட்டது."

இனி, ஒரு வாக்கியத்தைப் பார்த்ததும் பொருளைக் கண்டுகொள்வது எப்படி என்ற கேள்வி. இதற்குத் தொல்காப்பியத்தின் கிளவியாக்கத்தைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியவில்லை. பலபொருள் ஒருசொல்லின் பொருள் "வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும்" தெளியத் தோன்றும் என்கிறது அது. 'மா' என்ற சொல் மரத்தையும் குறிக்கும், விலங்கையும் குறிக்கும். மா பூத்தது என்றால் மரம், மா ஓடிற்று என்றால் விலங்கு. இது வினையால் தெளிவது. உடன் வரும் சொற்களால் தெளிவது இனம், சூழலால் தெளிவது சார்பு. ஆங்கிலத்துக்கும் இது அப்படியே பொருந்தும். 'பே' என்ற வினை முன்னே வந்தால் சார்ஜ் கட்டணம். 'டிராப்' அல்லது 'ப்ரெஸ்' வந்தால் குற்றச்சாட்டு. 'டேக்' வந்தால் பொறுப்பு. 'ஹோல்டு' வந்தால் மின்னூட்டம். பாசிட்டிவ், நெகட்டிவ் உடன் நின்றால் இயற்பியல், ஜட்ஜ் உடன் நின்றால் சட்டம். வினையும் இனமும் உதவாத இடத்தில் சார்புதான் வழி. 'ஹி சார்ஜ்ட் மீ' என்ற மூன்று சொல் வாக்கியம் என்னிடம் பணம் வாங்கினான் என்றும், என் மீது பாய்ந்தான் என்றும் பொருள்படும். முன்பின் வாக்கியங்களைப் படிக்காமல் எந்த அறிஞராலும் முடிவு சொல்ல இயலாது.

இதனால்தான் ஒத்தசொல் பட்டியலை மட்டும் நம்ப வேண்டாம் என்று வற்புறுத்துகிறேன். பட்டியலில் அருகருகே இருக்கும் ஃபீயும் அக்யூசும் ஒன்றுக்கொன்று ஒத்தவை அல்ல. இரண்டும் சார்ஜின் வெவ்வேறு கிளைகளுக்கு ஒத்தவை. பீட்டர் மார்க் ரோஜெட் 1852 இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஒத்தசொல் தொகுப்பு, சொற்களைக் கருத்துவாரியாகப் பிரித்தே அடுக்கியிருந்தது. நம் பழைய செய்யுள் அகராதிகளான நிகண்டுகளும் தெய்வப்பெயர், மக்கட்பெயர், விலங்கின்பெயர் என்று பகுத்து, ஒருசொல் பல்பொருளுக்குத் தனித் தொகுதி வைத்தன. அந்தப் பகுப்பை நீக்கிச் சொற்களை ஒரே வரியில் கொட்டும் இன்றைய பட்டியல்கள் மாணவருக்குத் தீங்கே செய்கின்றன. ஒரு நோட்டில் கிளைக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, ஒவ்வொரு சொல்லையும் அதன் முன்னிடைச் சொல்லோடும் ஒரு முழு வாக்கியத்தோடும் எழுதிக்கொள்வதே நான் பரிந்துரைக்கும் முறை.

முன்னொட்டுச் சேர்ந்த சொற்களை அதே நோட்டில் எதிர்ப்பக்கத்தில் எழுதலாம். ஓவர்சார்ஜ் என்றால் மிகுதியாக ஏற்றுவது. அது ஆட்டோக் கட்டணமாகவும் இருக்கலாம், மின்கலமாகவும் இருக்கலாம். ரீசார்ஜ் என்றால் மறுபடி ஏற்றுவது. கைப்பேசிக் கணக்கில் பணம் நிரப்புவதற்கு நாம் இதைச் சொல்கிறோம், பிரிட்டனில் டாப் அப் என்பார்கள். நிலத்தடி நீர்ச் செறிவூட்டலுக்கும் இதே சொல். டிஸ்சார்ஜ் என்றால் இறக்குவது: மருத்துவமனை நோயாளியை அனுப்புகிறது, அணை நீரை வெளியேற்றுகிறது, புண் சீழை வெளியேற்றுகிறது, கடனாளி கடனைத் தீர்க்கிறார், ஊழியர் கடமையை ஆற்றுகிறார். நீதிமன்றத்தில் மட்டும் இதை அக்விட்டல் என்பதோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க வேண்டும். குற்றச்சாட்டு வனைவதற்குப் போதிய முகாந்திரம் இல்லை என்று விசாரணைக்கு முன்பே ஒருவரை விடுவித்தால் அது டிஸ்சார்ஜ், அதாவது விடுவிப்பு. குற்றச்சாட்டு வனைந்து, சாட்சிகளை விசாரித்து, குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று தீர்ப்பளித்தால் அது அக்விட்டல், அதாவது விடுதலை. முன்னதில் புதிய சான்று கிடைத்தால் அவரை மீண்டும் விசாரணைக்குக் கொண்டுவர இயலும். பின்னதில், அந்தத் தீர்ப்பு நிலைத்திருக்கும் வரை, அதே குற்றத்துக்காக அவரை மறுபடி விசாரிக்கச் சட்டம் இடம் தராது.